பத்து ரூபாய் பன்: மதுரை வில்லாபுரத்திலிருந்து ஒரு பேக்கரி நாட்குறிப்பு

22 செப்டம்பர் 2025, திங்கள்

இன்றிலிருந்து கேக், பிஸ்கட், பேஸ்ட்ரிக்கெல்லாம் ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதம். கடை திறந்ததும் வந்த முதல் கேள்வியே அதுதான். “அக்கா, வரி குறைஞ்சிருச்சாமே, கேக்குல எவ்வளவு குறைப்பீங்க?” டிவியில் பார்த்துவிட்டு வருகிறார்கள். கேட்கத்தான் செய்வார்கள்.

எங்களைப் போன்ற சின்னக் கடைகளின் கணக்கு வேறு. ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடிக்குள் இருப்பதால் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிறோம். மொத்த விற்பனையில் 1 சதவீதத்தை எங்கள் கையிலிருந்து கட்டுகிறோம். பில்லில் வரி என்று தனியாக ஒரு பைசா வாங்கக் கூடாது. சரக்கு வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளவும் வழியில்லை. வாங்காத வரியை எதிலிருந்து குறைப்பது?

இதில் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. ரொட்டிக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஆனால் காம்போசிஷனில் இருக்கிற உற்பத்தியாளருக்கு அந்த ரொட்டி விற்ற பணமும் 1 சதவீதக் கணக்கில் சேர்ந்துவிடும். வரியில்லாப் பண்டத்தை அதிகம் விற்கிறவருக்கு இது பாரம்தான்.

குறைவதெல்லாம் கொள்முதலில். வெண்ணெய், கன்டென்ஸ்டு மில்க், கேக் அட்டைப்பெட்டி 12லிருந்து 5. சாக்லேட் 18லிருந்து 5. எல்லாம் கேக்குக்கு ஆகிற சாமான். பன்னுக்குப் பெருஞ்செலவு வைக்கிற மைதா, சர்க்கரை, டால்டாவில் மாற்றமில்லை. 50 கிலோ மைதா மூட்டைக்கு முன்பும் வரி கிடையாது, சர்க்கரைக்கும் டால்டாவுக்கும் முன்பும் 5 சதவீதம்தான்.

போன வருடம் இதே செப்டம்பரில் கோவையில் ஓர் ஓட்டல்காரர் நிதியமைச்சர் முன்னால் எழுந்து, பன்னுக்கு வரியில்லை, அதற்குள் கிரீம் வைத்தால் 18 சதவீதம் என்று சொன்னது நாடு முழுக்க ஓடியது. இன்று அந்த கிரீமுக்கு 5 சதவீதம். நல்ல மாற்றம், மறுக்கவில்லை. கிரீம் வைக்காத பன்னைப் பற்றி யார் எப்போது பேசுவார்கள் என்பதுதான் என் கவலை.

வெண்ணெய் பிஸ்கட்டில் மட்டும் கிலோவுக்குக் கொஞ்சம் குறைத்து எழுதிப் போட்டேன்.

1 அக்டோபர், புதன். ஆயுத பூஜை

அடுப்புக்குச் சந்தனம், குங்குமம். மாவு பிசையும் மெஷினுக்கு, டிரேக்களுக்கு, டிவிஎஸ் வண்டிக்கு எல்லாம் பொட்டு.

மாமனார் கட்டிய விறகு அடுப்பு இது. பக்கத்தில் கேஸ் ஓவன் வந்து வருடங்கள் ஆகிவிட்டன. கேக், பப்ஸ் எல்லாம் அதில்தான். பன், ரொட்டி, ரஸ்க் இன்னும் விறகில். சீமைக் கருவேலம் ராமநாதபுரம், விருதுநகர் பக்கத்திலிருந்து வருகிறது. ஒரு முறை மூட்டிக் கங்கை வழித்து எடுத்துவிட்டால், செங்கல் பிடித்துவைத்த சூட்டிலேயே வேலை ஓடும். ஏறின சூட்டில் பன், அது தணிய ரொட்டி, கடைசியில் இறங்கின சூட்டில் ரஸ்க் காயும். ஒரே விறகில் மூன்று வேலை. கேஸ் சிலிண்டர் 19 கிலோ, ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி விலை மாறும். அதனால்தான் இந்த அடுப்பை இடிக்க விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். புகைக்கு இனி எத்தனை நாள் அனுமதிப்பார்கள் என்பது வேறு விஷயம்.

மாஸ்டர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். அடுப்புக்குள் ஒரு பிடி மைதாவை வீசி, அது எவ்வளவு நேரத்தில் சிவக்கிறது என்று பார்த்துச் சூடு சொல்லுவார். வயது அறுபதை நெருங்குகிறது. அவர் மகன் சென்னையில் ஐடி கம்பெனியில் இருக்கிறான். “எம் பையன் இந்தச் சூட்டுல நிக்க வேணாம் தாயி” என்பார். அதில் நியாயம் இல்லையென்று எப்படிச் சொல்ல? ஆனால் அவருக்குப் பிறகு அந்த ஒரு பிடி மைதாவை வீசுவது யார்? காகிதத்தில் ஒரு அளவும் கிடையாது. இன்றைக்கு நல்ல நாள் என்று, அவர் சொல்லச் சொல்லப் பன் மாவுக்கான அளவை நோட்டில் எழுதத் தொடங்கினேன். அவருக்கே அது வேடிக்கையாக இருந்தது.

17 அக்டோபர், வெள்ளி

பீகார் தம்பிகள் இன்று ரயிலேறிவிட்டார்கள். தீபாவளி, அதற்கடுத்து சட் பூஜை, அதற்கடுத்து நவம்பர் 6, 11 தேதிகளில் அவர்கள் ஊர்த் தேர்தல். மூன்றும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. ஓட்டுப் போட்டுவிட்டுத்தான் திரும்புவோம் என்றார்கள். போடட்டும், அது அவர்கள் உரிமை.

மதுரையில் ராத்திரி மாவு உருட்டுகிற கை பெரும்பாலும் வடக்கத்திக் கைதான். நம்ம ஊர்ப் பையன்கள் வருவதில்லை. பாதி ராத்திரியில் எழுந்து அனலில் நிற்பதைவிட பைக்கில் சாப்பாடு டெலிவரி எடுத்தால் அதே காசு, உடனே கையில். மாஸ்டர் ஒரே வரியில் முடித்தார்: “நம்ம பயலுக வரமாட்டாய்ங்க, வந்தவய்ங்க நிக்கமாட்டாய்ங்க.”

29 அக்டோபர், புதன்

டீக்கடைகளுக்குப் பன் கொண்டு போகிற லைனைக் குறைத்துவிட்டோம். அவனியாபுரம், பெருங்குடி வரை மட்டும் வண்டி. வலையங்குளம் பக்கத்து டீக்கடைகளுக்கு அனுப்பவில்லை. ஒரு கடைக்கார அண்ணன் போனில் பேசினார். கோபமில்லை, வருத்தம்தான்: “காலையில கொத்து வேலைக்குப் போற ஆளுக வந்து பன்னு கேக்குறாக. இல்லைன்னா வெறும் டீயக் குடிச்சிட்டுப் போறாக.”

இந்தத் தொழிலைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் கேக்கைப் பற்றியே பேசுகிறார்கள். கண்ணாடி வைத்த ஏசி கடை, போட்டோ கேக், பிரவுனி, இப்போது குனாஃபா. பைபாஸ் ரோட்டில், கே.கே. நகரில், அண்ணா நகரில் போய்ப் பார்த்தால் பேக்கரி வளர்கிறது என்றுதான் தோன்றும். ஆனால் மாட்டுத்தாவணியில் விடியுமுன் லோடு இறக்குகிறவர் தின்பது பன். பெரியாஸ்பத்திரி வாசலில் நோயாளிக்கு வாங்கிப் போவது பாலும் ரொட்டியும். காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு நம் வீடுகளில் இன்றும் முதலில் ரொட்டிதான் வாங்குகிறோம். அதைப் போடுகிற கடைகள்தான் குறைந்துகொண்டு வருகின்றன.

காரணம் கணக்கில் இருக்கிறது. ஒரு மூட்டை மைதாவில் ஆயிரத்து இருநூறு பன்னுக்கு மேல் எடுக்கலாம். டீக்கடைக்கு ஏழரை ரூபாய்க்குக் கொடுக்கிறோம், அவர் பத்துக்கு விற்கிறார். விலை ஏறினால் பதினொன்று, பன்னிரண்டு என்று போக முடியாது. சில்லறைக்கு யாரும் நிற்கமாட்டார்கள். பத்து இல்லையென்றால் பதினைந்துதான், பதினைந்துக்கு வாங்க அந்தக் கொத்தனார் கையில் காசு இருக்காது. அதனால் எல்லாக் கடையிலும் பன் இளைத்துக்கொண்டே வருகிறது. விலை நிற்கிறது, எடை போய்விடுகிறது.

டால்டா விலை நம் கையிலேயே இல்லை. அது பாமாயில். இந்தோனேசியா 2022 ஏப்ரல் கடைசியில் ஏற்றுமதியை நிறுத்தியபோது இங்கே டின் விலை எகிறியது. 2024 செப்டம்பரில் நம் அரசு கச்சா சமையல் எண்ணெய்க்கு அடிப்படை இறக்குமதி வரியை 20 சதவீதம் ஆக்கியது, விலை மறுபடி ஏறியது. இந்த வருடம் மே கடைசியில் 10 ஆக்கினார்கள். ஏறும்போது ஒரே நாளில் ஏறுகிறது, கீழமாசி வீதி மொத்தக் கடையில் இறங்குவதற்கு மாதம் ஆகிறது.

2 நவம்பர், ஞாயிறு

பக்கத்துத் தெருப் பெண்கள் மூன்று பேர் வேலை இருக்கிறதா என்று கேட்டு வந்தார்கள். பகலில் என்றால் வருவார்களாம், ராத்திரி முடியாது. நியாயம்தான். அவர்களிடம் ஒரு வாரம் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். மனதில் ஒரு எண்ணம் இருக்கிறது, மாஸ்டரிடம் எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லை.

15 நவம்பர், சனி

சொல்லிவிட்டேன். செய்தும் பார்த்துவிட்டோம்.

ராத்திரி வேலை எதற்கு? விடியற்காலையில் சூடாகப் பன் போக வேண்டும், அதற்கு மாவு பொங்க நேரம் வேண்டும், அதனால் நள்ளிரவில் பிசைகிறோம். அந்தப் பொங்குகிற நேரத்தை நீட்டினால் என்ன? மத்தியானம் பிசைந்து, பன்னாக உருட்டி, டிரேயோடு குளிர்பெட்டியில் 4, 5 டிகிரியில் வைத்தால் ஈஸ்ட் உறங்காது, ஆனால் மெல்ல வேலை செய்யும். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து வெளியே எடுத்து, வெதுவெதுப்பு ஏறவிட்டு அடுப்பில் ஏற்றலாம். வெளிநாடுகளில் நெடுங்காலமாக இருக்கிற முறைதான்.

மாஸ்டர் முதலில் “புளிச்சுப் போகும் தாயி” என்றார். சித்திரை வெயிலில் ஐஸ் கட்டி போட்டு மாவு பிசைகிற மனிதர், சூடு மாவை என்ன செய்யும் என்று அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அவர் கவலையும் சரி. மாவை மொத்தமாக அண்டாவோடு குளிரில் வைத்தால் வெளியே ஆறும், நடுவில் சூடு தங்கிப் புளித்துவிடும். அதனால் உருட்டிய பிறகு வைப்பது என்று முடிவானது. ஈஸ்ட்டைக் குறைத்தார். மேலே காய்ந்து தோல் கட்டாமல் எண்ணெய் தடவிய தாளைப் போட்டு மூடச் சொன்னார். அதை யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை.

வந்தது நல்ல பன். மெல்லப் பொங்கிய மாவில் தனி வாசனை இருக்கிறது, மறுநாளும் மெத்தென்று இருக்கிறது. பன் மெத்தென்று பொங்கப் போடுகிற இம்ப்ரூவர் பொடி போடவே இல்லை. ஒரு காலத்தில் அந்த வேலைக்கு பொட்டாசியம் புரோமேட் போட்டார்கள். 2016இல் அரசு அதைத் தடை செய்தது. டால்டாவில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்குமேல் கூடாது என்பது 2022 ஜனவரியிலிருந்து சட்டம். இந்த இரண்டுக்கும் நான் மனதார நன்றி சொல்கிறவள். ஏழை தின்கிற பண்டத்தில்தான் கண்டதையும் கலப்பார்கள், தட்டிக் கேட்க ஆள் இருக்காது.

பெண்கள் மத்தியானம் இரண்டு மணிக்கு வருகிறார்கள், எட்டு மணிக்கு வீட்டுக்குப் போகிறார்கள். ஒரு கைக்கு ஒரு உருண்டை என்று இரு கையிலும் உருட்ட இவ்வளவு சீக்கிரம் பழகுவார்கள் என்று மாஸ்டர் நினைக்கவில்லை. பீகார் தம்பிகளில் இருவர் திரும்பிவிட்டார்கள். அவர்களுக்கு விடியற்காலை அடுப்பு வேலை, ராத்திரித் தூக்கம் உண்டு. அவர்களும் மனிதர்கள்தானே.

12 டிசம்பர், வெள்ளி

கேக் மாதம். நாமக்கல் பண்ணை விலையே 6 ரூபாயைத் தாண்டிவிட்டது முட்டைக்கு. குளிர்காலத்தில் வடக்கே முட்டை தின்பது கூடும், இங்கே கிறிஸ்துமஸ் கேக்கும் சேர்ந்துகொள்ளும்.

வீட்டில் கேக் செய்து வாட்ஸாப்பில் ஆர்டர் எடுக்கிற பெண்கள் கொரோனா காலத்துக்குப் பிறகு தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். பேக்கரிச் சங்கத்தில் சிலர் அவர்களைக் குறை சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வருடத்துக்கு 100 ரூபாய் கட்டி உணவுப் பாதுகாப்புப் பதிவை எடுத்துவிட்டால் அவர்களும் முறையான தொழில்காரர்கள். பிறந்தநாள் கேக்கில் அவர்கள் கைவேலை எங்களைவிட அழகு. எங்களிடம் பெரிய ஓவன் இருக்கிறது. அதனால் வெறும் ஸ்பாஞ்ச் போட்டுக் கிலோ கணக்கில் அவர்களுக்கே கொடுக்கிறேன். அவர்களுக்கு கேஸ் மிச்சம், எங்களுக்கு ஓவன் சும்மா கிடக்காது. டெலிவரி ஆப்பில் கால்வாசிக்கு அருகே கமிஷன் கொடுத்து விற்பதைவிட இது எவ்வளவோ மேல்.

24 டிசம்பர், புதன்

பிளம் கேக் எல்லாம் போய்விட்டது. நிற்க நேரமில்லை. பன் லைன் ஒரு நாளும் நிறுத்தவில்லை என்பதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

3 ஜனவரி 2026, சனி

வலையங்குளம் வண்டி மறுபடி ஓடுகிறது.

இப்போது இருக்கிற குளிர்பெட்டி பழையது, கேக்குக்கு வாங்கியது. அதில் பாதிப் பன்னுக்குத்தான் இடம். டிரே வண்டியை அப்படியே உள்ளே தள்ளுகிற குளிர் அறை வேண்டும். மத்திய அரசின் சிறு உணவுத் தொழில் திட்டத்தில், பிஎம்எஃப்எம்இ என்பார்கள், வங்கிக் கடனோடு சேர்த்துத் திட்டச் செலவில் 35 சதவீத மானியம், அதிகபட்சம் 10 லட்சம். திட்ட அறிக்கை எழுதி வங்கியில் கொடுத்திருக்கிறோம். அங்கே கேட்ட முதல் கேள்வி, “கேக்குக்கா மேடம்?” பன்னுக்கு என்றேன். லாபக் கணக்கைத் திரும்ப எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். ராத்திரிக் கூலி குறைந்ததையும், விற்காமல் திரும்பி வருகிற ரிட்டன் பன் குறைந்ததையும் சேர்த்து எழுதுகிறேன். கரண்ட் பில் ஏறியதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். குளிர்பெட்டி நாள் முழுக்க ஓடுகிறது, 2022 செப்டம்பரில் தொடங்கி மின்கட்டணமும் ஏறியபடியே இருக்கிறது.

பன்னை 60 கிராமுக்குக் கீழே இறக்குவதில்லை என்று வீட்டில் பேசி முடித்திருக்கிறோம். எடையைப் பலகையில் எழுதிக் கடை முன் மாட்டியாயிற்று.

மாஸ்டரின் நோட்டில் பன், ரொட்டி, ரஸ்க், தேங்காய் பன், தில்பசந்த் வரை அளவு ஏறிவிட்டது. வர்க்கி பாக்கி.

சித்திரையில் கரண்ட் போனால் குளிர்மாவு என்ன ஆகும் என்பதுதான் இப்போது எங்கள் பெரிய கேள்வி. திண்டுக்கல், விருதுநகர், தேனிப் பக்கம் இந்த முறையில் பன் போடுகிறவர்கள் யாராவது இருந்தால், கோடையை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு நேரில் வந்து பார்க்கிறேன்.