அடி விளிம்பு

"எத்தனை வருஷம் நிக்கும்ணா?" என்று கேட்டார் டீச்சர்.

"பத்து வருஷம் கவலையே வேண்டாம்மா" என்றேன். யோசிக்கவே இல்லை. டேப்பைச் சுருட்டிக்கொண்டே வாயில் வந்த பதில்.

பள்ளியில் மேக்கர் ஸ்பேஸ் என்கிற செய்முறை அறையில் பிள்ளைகள் செய்கிற ரோபோ, அட்டை வீடு, மோட்டார் வண்டியெல்லாம் வைக்க மூன்று ஷெல்ஃப். பெற்றோர்கள் பிரியாணி விற்றுச் சேர்த்த பணம். 18 மி.மீ. பிளைவுட் என்றால் இரண்டுதான் வந்திருக்கும். அதனால் 16 மி.மீ. மெலமைன் சிப்போர்டு; மரச்சீவலை அழுத்தி, மேலே வெள்ளைத் தோல் ஒட்டிய பலகை. 2750-க்கு 1830 ஷீட்டைத் துண்டு வீணாகாமல் வெட்ட இரண்டு ராத்திரி கணக்குப் போட்டேன். தட்டு தொய்யாமலிருக்க நடுவே ஒரு தடுப்பு. கண்ணாடிக் கதவு வேண்டாம், பிள்ளைகள் எடுத்துப் பிரித்துப் பார்க்கட்டும் என்று வாதாடியவனும் நான்தான். அதில் இன்றும் எனக்குப் பெருமை.

நிற்கிற பலகைகளின் அடியில் மட்டும், வெட்டிய விளிம்பில் ஈரம் இறங்காமல் மூடுகிற ஓரப்பட்டை ஒட்டவில்லை. தரையைப் பார்த்த பக்கம், யார் கண்ணில் படப்போகிறது?

தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பனில் பிப்ரவரிப் புழுக்கத்தில் துவைத்த சட்டையே காயாது. போதாததற்கு அந்த அறையை வாளித் தண்ணீர் ஊற்றித்தான் துடைப்பார்கள். தெரியாது என்று சொல்ல முடியாது. அளவெடுக்கப் போன அன்றே ஈரத்தரையில் வழுக்கினேன்.

ஒன்றரை வருஷத்தில் டீச்சரிடமிருந்து ஒரு போட்டோ. பலகையின் அடி டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி உப்பி, வெள்ளைத் தோல் விட்டுப்போயிருந்தது. ஊறிய சிப்போர்டு காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. கூடவே, "அண்ணா, பாருங்களேன்" என்று ஒரு வரி. திட்டியிருந்தால் தேவலை.

கையில் இருந்த பணத்துக்கு அதுதான் முடியும் என்று மனைவியிடம் சொன்னேன். பொய்யில்லை. ஆனால் விட்டுப்போன பட்டை மூன்று மீட்டர்கூட வராது; ஒரு பிரியாணி டப்பா விலை இருக்காது. அப்புறம் பணத்தின்மேல் பழியைப் போட்டு என்ன? "தண்ணி படாமப் பாத்துக்கணும்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் இரண்டே போதும், பிளைவுட்டிலேயே செய்யுங்கள் என்றிருப்பாரோ என்னவோ. வேறு ஆளிடமும் போயிருக்கலாம். அந்தப் பயம் அன்றைக்கே இருந்ததா, இப்போது நானாகச் சேர்த்துக்கொள்கிறேனா?

காசு வாங்காமல் சரிசெய்யப் போனேன். உப்பிய அடியை அறுத்து, பட்டை ஒட்டி, கீழே மரக்கட்டை கொடுத்தேன். பக்கத்தில் குந்தியிருந்த பையன் ஒருவன் அறுத்த துண்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இங்கே மட்டும் ஏன் அங்கிள் முதலிலேயே ஒட்டவில்லை என்று இங்கிலீஷில் கேட்டான்.

மறந்துவிட்டேன் என்றேன்.

டீச்சர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்.