டிஸ்சார்ஜ் புக்கில் விடுபட்ட ஒரு வரி

தக்கலை வீட்டுப் பரணிலிருந்து அப்பாவின் தகரப் பெட்டியை இறக்கினேன். ஒரே அந்துருண்டை வாசனை. ராணுவத்திலிருந்து வந்தபோது அவருக்குக் கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கில், பதக்கங்களின் வரிசையில் சங்கிராம் மெடல் இருக்கிறது, பஸ்சிமி ஸ்டார் இல்லை. 1971 போரில் மேற்கு முனையில் நின்றவர்களுக்கு அது. கிழக்கே நின்றவர்களுக்குப் பூர்வி ஸ்டார். அப்பா நின்றது ராஜஸ்தான் மணலில். எழுதியவர் ஒரு வரியை விட்டுவிட்டார், அவ்வளவுதான்.

"இனி எதுக்கு மக்ளே?" என்றார் அப்பா. ஆனாலும் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

அந்த வரியைச் சேர்க்கச் சொல்லி ராணுவ ரெக்கார்ட் ஆபீசுக்கு மனு, டிஸ்சார்ஜ் புக் நகல், கூட இருந்தவர் ஒருவரின் கடிதம். நாகர்கோவிலில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் ஒரு பிரதி கொடுக்க வேண்டும்.

மனுவில் ராணுவ எண்ணுக்கு இடம் விட்டிருந்தேன். என் போன் நம்பரே நினைவில்லாதவர், அதை மட்டும் மூச்சுவிடாமல் சொன்னார்.