பேட்டரி மேல் பழி போடும் முன்

பெங்களூரு ஜே.சி. ரோடு, கலாசிபாளையம் பக்கம் ஒயரிங் வேலை பார்ப்பவர்களிடம் பல வண்டிகள் "பேட்டரி போச்சு" என்ற தீர்ப்போடுதான் வந்து சேரும். மீட்டர் வைத்தால் 12.6 வோல்ட், அதாவது முழு சார்ஜ் காட்டும். அப்போது பார்க்க வேண்டியவை இரண்டு: சாவியோடு வரும் இக்னிஷன் சுவிட்ச், பேட்டரியைத் துண்டிக்கும் கட்-ஆஃப் சுவிட்ச்.

சாவித் துளை லாக் மட்டும்தான். மின்சாரத்தைப் பிரிக்கும் இக்னிஷன் சுவிட்ச் அதன் பின்னால் இருக்கிறது. பல வண்டிகளில் இரண்டு ஸ்க்ரூ கழற்றினால் தனியாக வந்துவிடும், லாக்கை மாற்ற வேண்டியதில்லை. ஏசிசி (பாட்டு போன்ற உபரிச் சாதனங்களுக்கு), ஆன், ஸ்டார்ட் என்று வரிசை. ஸ்டார்ட்டில் ஏசிசி லைன் அறுபடும், பாட்டு நிற்பது அதனால்தான். செல்ஃப் மோட்டார் இழுக்கும் 100, 200 ஆம்பியர் இந்த சுவிட்ச் வழியாகப் போவதில்லை. அது சோலினாய்டையோ (மோட்டாருக்குக் கரண்ட் விடும் காந்த சுவிட்ச்) ரிலேயையோ (சின்னக் கரண்டில் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) தூண்டுவதோடு சரி. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியில் 11 வோல்ட், சோலினாய்டின் சின்ன ஒயரில் 8.5 என்றால் இழப்பு சுவிட்ச் அல்லது ரிலே வழியில்.

சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்வரை எஞ்சின் ஓடி, கையை விட்டதும் அணைகிறதா? முதலில் ஆன் பாயிண்டைப் பாருங்கள், கருகியிருக்கும். காரணம், ஃபாக் லாம்பை ரிலே இல்லாமல் இக்னிஷன் ஒயரிலேயே கொடுத்திருப்பார்கள்.

கட்-ஆஃப் கதை வேறு. மொத்தக் கரண்டும் அதன் வழியாகத்தான். ஒயிட்ஃபீல்டுக்கு மெட்ரோவில் போய்விட்டு காரை பேஸ்மென்ட்டில் வாரக்கணக்கில் நிறுத்துபவர்கள் நெகட்டிவ் முனையில் பித்தளைத் திருகு வகையைக் கேட்கிறார்கள். நியாயம்தான்: 50 மில்லி ஆம்பியர் கசிந்தாலே 35 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு வாரத்தில் பாதி காலி. ஆனால் 300 மில்லி கசியும் வண்டிக்கு இதை மாட்டுவது நோயை மூடி வைப்பது. கதவு லாட்ச்சை மூடி, நெகட்டிவில் மீட்டரைத் தொடராகக் கோர்த்து, அரை மணி நேரம் விட்டு ஒவ்வொரு ஃப்யூஸாக உருவுங்கள். எதை உருவும்போது கசிவு விழுகிறதோ அந்த லைனில் டிக்கி லைட்டோ பிறகு போட்ட டிராக்கரோ மாட்டும். மீட்டர் கோர்த்திருக்கும்போது மட்டும் செல்ஃப் அடிக்காதீர்கள். மீட்டர் ஃப்யூஸ் போய்விடும்.

திருகு தளர்ந்தால் அந்த இடம் சுடும். செல்ஃப் அடிக்கையில் அதன் இரு பக்கமும் 0.2 வோல்ட்டுக்கு மேல் விழக்கூடாது. எஞ்சின் ஓடும்போது இதைத் துண்டித்தால் டைனமோ (ஆல்டர்னேட்டர்) தரும் வோல்டேஜ் எகிறி அதன் டயோடு முதல் ஈசியு (எஞ்சினை இயக்கும் கணினி) வரை அடிவாங்கும். ராலி கார் கட்-ஆஃப் எஞ்சினையும் சேர்த்து அணைக்கிறது, டைனமோ வீச்சை வாங்க ஒரு ரெசிஸ்டரும் உண்டு. அதைப் பார்த்து இதைப் பயன்படுத்தக் கூடாது.

துண்டித்தபின் ரிமோட் வேலை செய்யாது. பானெட் லிவர் வண்டிக்குள்ளே இருக்கிறது. கதவைத் திறக்கும் இரும்புச் சாவி கையில் இருக்கட்டும்.