லைசாண்டர் பில்ட்: ஏணி முடிஞ்சுது, பெயிண்ட் ஓடுது

லைசாண்டர்ங்கற பிரிட்டிஷ் விமானத்தோட பிளாஸ்டிக் மாடல் கிட் ஒருவழியா பெயிண்ட் வரைக்கும் வந்தாச்சு. 1/48 ஸ்கேல், ஆர்ஏஎஃப் (பிரிட்டிஷ் விமானப்படை) 161 ஸ்குவாட்ரன் விமானம். இரண்டாம் உலகப்போர்ல நிலா வெளிச்சத்தை மட்டும் நம்பி, ஜெர்மன்காரங்க பிடிச்சு வெச்சிருந்த பிரான்ஸுக்குள்ள பறந்து, ஏதோ ஒரு வயல்ல இறங்கி, எஸ்ஓஇ (பிரிட்டனோட ரகசிய அமைப்பு) ஏஜெண்டுகளை விட்டுட்டு, காத்துக்கிட்டு இருக்கறவங்களை ஏத்திக்கிட்டு சில நிமிஷத்துல கிளம்பிடணும், அதுதான் இவங்க வேலை. திப்பு சுல்தான் பரம்பரையில வந்த எஸ்ஓஇ ஏஜெண்ட் நூர் இனாயத் கான் 1943 ஜூன் 16 ராத்திரி பிரான்ஸுக்குப் போனது லைசாண்டர்லதான். அவங்களைப் பத்தி படிச்சதுல இருந்தே இதை செய்யணும்னு ஆசை.

முதல்ல ஏணி. பின் சீட் ரொம்ப உயரம், இருட்டுல பெட்டியோட இறங்கணும், அதுக்காக இடது பக்கம் நிரந்தரமாவே ஒரு ஏணியை மாட்டிட்டாங்க. கிட்ல வந்த பிளாஸ்டிக் ஏணி தடிமன் ஜாஸ்தி, பித்தளை கம்பியில சால்டர் பண்ணி புதுசா செஞ்சேன். சூப்பரா வந்திருக்கு. வயித்துக்கு அடியில 150 கேலன் எக்ஸ்ட்ரா டேங்க், கிட்டத்தட்ட 680 லிட்டர், புட்டி வெச்சு தேய்ச்சு ஒட்டியாச்சு. பின்னாடி இருந்த மெஷின் கன்னை நிஜத்துலயே கழட்டிட்டாங்க, அதனால அந்த பார்ட் ஸ்ப்ரூலயே (பார்ட்டெல்லாம் ஒட்டி வர்ற பிளாஸ்டிக் சட்டம்) இருக்கட்டும். நேவிகேட்டரும் கிடையாது, பைலட் ஒரே ஆள், மேப்பை மடிச்சு வெச்சுக்கிட்டு கீழ ஆறு எங்க வளையுது ரயில் லைன் எங்க பிரியுதுன்னு பாத்துக்கிட்டே போகணும், நினைச்சாலே மலைப்பா இருக்கு. பைலட் மடியில ஒரு குட்டி மேப் வெச்சிருக்கேன், கேனோபி (பைலட் தலைக்கு மேல இருக்கற மூடி) முழுக்க கண்ணாடிங்கறதால வெளிய இருந்தே தெரியுது.

பெயிண்ட்லதான் ரொம்ப நேரம் யோசிச்சேன். ஆரம்பத்துல முழு விமானமும் மேட் கறுப்பு. ராத்திரிக்கு அதுதான் சரின்னு தோணும், ஆனா கீழ மேகம் இருந்து அதுல நிலா வெளிச்சம் பட்டா, மேல இருந்து பாக்குற எதிரி ஃபைட்டருக்கு கறுப்பு விமானம் பளிச்சுனு தெரிஞ்சிடும். அதனால பைலட் ஹியூ வெரிட்டி ஸ்குவாட்ரனோட லைசாண்டர் ஃப்ளைட்டுக்கு (பிரிவுக்கு) தலைமையா இருந்தப்போ மேல்பக்கத்தை பச்சை, சாம்பல்னு மாத்தினாங்க, அடியில கறுப்பு அப்படியே. நான் இந்த ரெண்டாவதைத்தான் அடிக்கிறேன். முழு கறுப்பு ஃபோட்டோவுல கம்பீரமா இருக்கும்தான், ஆனா அனுபவத்துல கத்துக்கிட்டு மாத்தின கலர் இது, எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு. சாம்பல் காஞ்சாச்சு, பச்சைக்கு மாஸ்கிங் (மத்த இடத்தை டேப் ஒட்டி மறைக்கிறது) போயிக்கிட்டு இருக்கு.

அடுத்தது மாடல் நிக்கிற பேஸ். எங்க இறங்கணும்னு பைலட்டுக்கு காட்ட வயல்ல மூணு டார்ச்சை தலைகீழ் எல் மாதிரி வெப்பாங்க, முதல் ரெண்டுக்கும் நடுவுல 150 கஜம். இந்த ஸ்கேல்ல அதுவே மூணு மீட்டர் கிட்ட வருது, என் டேபிளே அவ்வளவு நீளம் இல்ல. அதனால ஏஜெண்ட் நிக்கிற முதல் டார்ச் மட்டும்தான், ஒரு சின்ன எல்இடி போட்டு. கூட ரெண்டு பேர், கையில சூட்கேஸ், ஏணியில ஏற ரெடியா.