ஓர் அளவீடு, இரண்டு ஆண்டுகள்: கதிரியக்க அளவியல் தேர்வுக்குப் படித்த அனுபவம்

கருவி உண்மையில் எந்த அணுவைப் பார்க்கிறது என்று கேட்டுப் பழகிய பிறகே சூத்திரங்களைத் தொட வேண்டும் என்பதை, முதுநிலைப் படிப்பில் ஓர் ஏரி வண்டல் மாதிரியை அவசரப்பட்டு அளந்துதான் கற்றுக்கொண்டேன்.

வண்டல் அடுக்குகளின் வயதை ஈயம்-210 என்னும் கதிரியக்க ஈயம் கொண்டு கணக்கிடுவது செய்முறைப் பணி. அதன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 22 ஆண்டுகள் என்பதால் கடந்த ஒரு நூற்றாண்டுக்கு நன்றாகப் பொருந்தும். காற்றிலிருந்து வந்து படிந்த ஈயம்-210 மட்டுமே கணக்குக்கு வேண்டும். மண்ணிலுள்ள ரேடியம்-226 சிதைந்து அங்கேயே உண்டாகும் பங்கைக் கழிக்க வேண்டும். அந்த ரேடியத்தைப் பெரும்பாலும் நேரடியாக அளப்பதில்லை. அதன் சிதைவுத் தொடரில் பின்னால் தோன்றும் பிஸ்மத்-214 வெளியிடும் 609 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமாக் கதிரையே எண்ணுகிறோம். இடையில் ரேடான்-222 என்னும் வாயு இருக்கிறது. மாதிரியை உலர்த்திப் பொடிக்கும்போது அதில் ஒரு பகுதி வெளியேறிவிடும். அதன் அரை ஆயுள் 3.8 நாள், ஆகவே காற்றுப் புகாத டப்பாவில் மூன்று வாரமாவது மூடி வைத்தால்தான் இழந்தது மீண்டும் சேரும். நான் ஐந்தாம் நாளே அளந்துவிட்டேன். இழந்த ரேடானில் சுமார் 60 விழுக்காடே அப்போது மீண்டிருந்தது. ரேடியம் குறைவாகத் தெரிந்ததால் கழிக்க வேண்டிய அளவும் குறைந்து, அடியிலிருந்த அடுக்குகள் இளையவையாகத் தோன்றின. சீசியம்-137 உச்சம் கண்ட அடுக்கு, அணுகுண்டுச் சோதனைப் படிவு மிகுந்திருந்த 1963-ஐக் குறிக்க வேண்டும். என் கணக்கு அதற்கு 1970-களைக் காட்டியபோதுதான் தவறு புரிந்தது. டப்பாவின் மேல் மூடிய தேதியை எழுதி ஒட்டுங்கள்.

எண்ணுகைப் பிழையைப் பற்றி ஒன்று: 10,000 எண்ணிக்கைக்குப் பிழை ஒரு விழுக்காடு என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் பின்னணியை, அதாவது மாதிரி இல்லாமலேயே கருவி எண்ணுவதை, கழிக்கும்போது அதன் பிழையும் சேர்கிறது என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

எழுத்துத் தேர்வில் அதே 1963 தடயவியல் வினாவாக வந்தது: அடையாளம் தெரியாத ஒருவரின் பல் எனாமலில் உள்ள கார்பன்-14 அளவிலிருந்து பிறந்த ஆண்டைக் காண்க. வளிமண்டலச் சோதனைகளால் வட அரைக்கோளக் காற்றில் கார்பன்-14 ஏறத்தாழ இரு மடங்காகி, 1963-இல் அணு ஆயுதச் சோதனைகளுக்கான பகுதித் தடை ஒப்பந்தம் வந்தபின் படிப்படியாக இறங்கியது. எனாமல் உருவான பிறகு அதிலுள்ள கார்பன் மாறுவதில்லை. எனவே ஒரே அளவு, காற்றின் கார்பன்-14 வளைகோட்டின் ஏறுமுகத்தில் ஓர் ஆண்டையும் இறங்குமுகத்தில் மற்றோர் ஆண்டையும் தொடும். எது சரி என்பதை இரண்டாவது பல் சொல்லும். முதல் கடைவாய்ப்பல்லின் எனாமல் சுமார் மூன்று வயதில் முடிகிறது. ஞானப்பல்லினுடையது பதின்ம வயதில். பிந்தியதில் கார்பன்-14 கூடுதலானால் முதல் பல் பொதுவாக ஏறுமுகத்தைச் சேர்ந்தது. குறைவானால் இறங்குமுகத்தைச் சேர்ந்தது. வளைகோட்டைக் கையால் வரைந்து, இரு ஆண்டுகளையும் குறித்து, காரணத்தோடு ஒன்றை நீக்குங்கள். பிறகு எனாமல் உருவான வயதையும் கழித்தால்தான் பிறந்த ஆண்டு கிடைக்கும்.