துங்கைக் கரையில் தீர்ந்த வேண்டுதல்

மூன்றரை வயதாகியும் என் பேத்திக்குப் பேச்சு வரவில்லை. அவள் பேசிவிட்டால் முதல் எழுத்தைக் கர்நாடகத்தில் துங்கை ஆற்றங்கரையில் உள்ள சிருங்கேரி சாரதாம்பாள் சந்நிதியில்தான் எழுத வைப்பேன் என்று வேண்டிக்கொண்டேன், அம்பாள் செவிசாய்த்தாள். அந்தக் கடனைத் தீர்க்க, இந்தக் கோடை விடுமுறையில் உடுப்பியிலிருந்து ஆகும்பே மலைப்பாதை வழியாகப் புறப்பட்டோம். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தியெடுத்துக் குழந்தை துவண்டுபோனாள். போய் இறங்கியதும், வரிசையில் நிற்காமல் உள்ளே அழைத்துப்போவதாக ஒருவர் பணம் கேட்டுப் பின்தொடர்ந்தது மனத்தை மிகவும் வருத்தியது.

சந்நிதியில் கூட்டம் நெருக்கியதால், முதலில் வித்யாசங்கரர் கோயிலுக்குச் சென்றோம். சிருங்கேரி சங்கர மடத்தின் பத்தாம் பீடாதிபதியான, வித்யாசங்கரர் என்றும் அழைக்கப்படும் வித்யாதீர்த்தரின் நினைவாக 1338-இல் எழுந்தது என்று மடத்து மரபு கூறும் இந்தக் கற்றளி, உயர்ந்த பீடத்தின்மேல், இரு முனைகளும் வளைந்து, ஹொய்சளச் சாயலும் திராவிட அமைப்பும் கலந்து நிற்கிறது. விஜயநகரத்தைத் தோற்றுவித்த ஹரிஹரரும் அவருடைய தம்பியரும் 1346-இல் இந்த மடத்துக்கு மானியம் அளித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. மண்டபத்தில் 12 ராசித் தூண்கள் உள்ளன. சூரியன் எந்த ராசியில் இருக்கிறாரோ, அந்த ராசிக்குரிய தூணில் காலைக் கதிர் விழும்படி அமைத்திருப்பதாகச் சொல்கிறார்கள். வருகிறவர்களில் பலர் செல்பேசியில் படமெடுத்துக்கொண்டு உடனே நகர்ந்துவிடுகிறார்கள். சற்று நின்று பார்க்க வேண்டிய இடம் அது.

பேத்தியைத் தூக்கி, தூணில் இருந்த சிங்கத்தின் வாயைக் காட்டினேன். உள்ளே ஒரு கல் பந்து. ஒரே கல்லில் குடைந்தது, உருளும், ஆனால் பற்களைத் தாண்டி வராது. உற்றுப் பார்த்துவிட்டு, "பாட்டி, பந்து ஏன் வெளியே வரல?" என்று கேட்டாள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மூன்றரை ஆண்டுகள் இவளுடைய சொற்களும் அப்படித்தானே உள்ளேயே உருண்டுகொண்டிருந்தன!

பிறகு சாரதாம்பாள் சந்நிதி. மடத்தின் பன்னிரண்டாம் பீடாதிபதியான வித்யாரண்யர் காலத்தில், பழைய சந்தனத் திருமேனி இருந்த இடத்தில் எழுந்தருளிய பொன்மேனியைக் கண்ணாரக் காண்பதற்குள், "நகருங்கள், நகருங்கள்" என்று பின்னாலிருந்து தள்ளினார்கள். முதல் எழுத்தை எழுத வைக்கும் அட்சராப்பியாசச் சடங்குக்கு உட்கார்ந்ததும் தட்டில் பரப்பிய அரிசியில் அவள் விரலைப் பிடித்து எழுத வைத்தேன். விரல் நடுங்கியது, குரல் நடுங்கவில்லை. "ஆனா!" என்று அவள் உரக்கச் சொன்னபோது அக்கம்பக்கத்தில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். தாயே, அந்தக் குரல் நீ கொடுத்தது. இதற்குமேல் உன்னிடம் என்ன கேட்பேன், அம்மா!