ககுமா நாட்குறிப்பு

27 ஆகஸ்ட் 2025, புதன்

கென்யாவின் லோத்வாரிலிருந்து ககுமா அகதி முகாமுக்கு வரும் வழி நெடுக சீமைக் கருவேலம். கண்ணை மூடித் திறந்தால் ராமநாதபுரம் என்றே நினைக்கத் தோன்றும். கென்யாக்காரர்கள் இதை மதெங்கே என்கிறார்கள். பாரிங்கோ பக்கத்தில் இந்தக் காயைத் தின்று பல் கொட்டிப்போன ஆட்டை, அரசின் மேல் வழக்குப் போட்டவர்கள் கோர்ட்டுக்கே பிடித்துக்கொண்டு போனார்களாம். முகாமில் அடுப்பு எரிவது என்னவோ இதே மரத்தால்தான். இந்தப் பகுதியின் துர்க்கானா இனப் பெண்கள் வெட்டிக் கரிமூட்டம் போட்டு விற்கிறார்கள். அகதிகள் ரேஷனில் ஒரு பங்கை விற்று அதை வாங்குவார்கள். ரேஷனே தேய்ந்துபோன பிறகு எதை விற்க?

1992-ல் சூடான் போரிலிருந்து நடந்தே தப்பி வந்த பையன்களுக்காக ஆரம்பித்த முகாம். இன்று பக்கத்துக் கலோபெயே அகதிக் குடியிருப்பையும் சேர்த்தால் ஏறக்குறைய 3 லட்சம் பேர். தொடக்கப் பள்ளிகளைக் கவனிப்பது லுத்தரன் உலக சம்மேளனம். எங்கள் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையும் அதில் அங்கம். ககுமா என்ற பெயர் எங்கள் சபையார் காதில் விழுந்ததே அந்த உறவில்தான்.

29 ஆகஸ்ட், வெள்ளி

ஒரு வகுப்பில் நூறு பேருக்கு மேல். கணக்கு வாத்தியார் தெற்கு சூடானிலிருந்து குழந்தையாக வந்து இங்கேயே படித்தவர். அகதிக்கு வேலை அனுமதி கிடைப்பது அரிது என்பதால் அவருக்குச் சம்பளம் கிடையாது, ‘இன்சென்டிவ்’ என்ற ஊக்கத்தொகைதான். பக்கத்து அறையில் அதே பாடம் எடுக்கும் கென்ய ஆசிரியர் வாங்குவதில் அது ஒரு சிறு பங்கு.

இன்று சதவீதம். முழு ரேஷன் என்றால் நாளைக்கு 2100 கலோரி. ஜூனில் அதை 28 சதவீதமாகக் குறைத்தார்கள். அப்படியானால் எவ்வளவு? பலகையில் கறுப்பு உரிந்து சாக்பீஸ் பிடிக்கவில்லை. கடைசி வரிசைப் பெண் ஒருத்தி விறுவிறுவென்று வந்து, உரியாத மூலையாகப் பார்த்து 588 என்று எழுதிவிட்டுப் போனாள். முப்பது வருஷம் சதவீதம் நடத்தியிருக்கிறேன், வட்டிக் கணக்கு, லாப நஷ்டம் என்று. ஒரு வகுப்பு இவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொண்டு பார்த்ததில்லை. அதற்காகச் சந்தோஷப்படவும் முடியவில்லை.

31 ஆகஸ்ட், ஞாயிறு

தெற்கு சூடான் மக்களின் திங்கா மொழி ஆராதனை. மண் சுவர், தகரக் கூரை, எல்லாம் அவர்களே கட்டியது. கையில் மரச் சிலுவையைத் தூக்கிப் பிடித்துப் பாடுகிறார்கள், மேளச் சத்தத்தில் தகரமே அதிர்கிறது. காணிக்கைக்கு ஒரு பிளாஸ்டிக் பேசின். விழுந்த காசு இந்த வாரம் எல்லை தாண்டி வந்த குடும்பங்களுக்காம். இவர்களை ‘உதவி பெறுகிறவர்கள்’ என்று அறிக்கையில் எழுதச் சொல்கிறார்கள்.

3 செப்டம்பர், புதன்

பள்ளியில் மக்காச்சோள மாவும் சோயாவும் கலந்த கஞ்சி. ஆகஸ்டிலிருந்து குடும்பங்களை நான்கு வகையாகப் பிரித்துவிட்டார்கள். நான்காம் வகைக்கு ரேஷன் இல்லை, தானே சமாளித்துக்கொள்ளும் என்று கணக்கு. அந்த வகைப் பிள்ளை ஒருவனை இன்று கவனித்தேன். எண்ணெய் கேனை அறுத்துச் செய்த குவளையில் கஞ்சி வாங்குகிறான், பாதியைக் குடிக்கிறான், மீதியை ஒரு தண்ணீர் பாட்டிலில் சிந்தாமல் ஊற்றி, மூடியைத் திருகிப் பைக்குள் செருகிக்கொள்கிறான். வீட்டில் தம்பி இருக்கிறானாம். கஞ்சி நின்றால் இந்த வகுப்பு பாதியாகிவிடும் என்று வாத்தியார் சொன்னார். நம்புகிறேன். நம்மூர் மதிய உணவுக்காகப் பள்ளிக்கு வந்த பிள்ளைகளைப் பார்த்தவள்தானே நானும்.

9 செப்டம்பர், செவ்வாய்

சபைப் பொருளாளர் வாட்ஸ்அப்பில்: “அக்கா, ஒரு வகுப்பறை கட்டினால் என்ன? நம்ம சபை பேர் போட்டு ஒரு கல்வெட்டு வெச்சிடலாம். போதகர் ஐயருக்கும் விருப்பம்தான்.”

கட்டடம் இங்கே இருக்கிறது தம்பி, நிற்கிற வாத்தியாருக்குத்தான் காசு இல்லை என்று பதில் போட்டேன். மாதாமாதம் இரண்டு பேருக்கு இன்சென்டிவும், கஞ்சிக்கு மாவும். அதில் போட்டோ எடுக்க எதுவும் இருக்காது என்பதையும் சொன்னேன். 1706-ல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்து இறங்கி அடுத்த வருஷமே பள்ளி நடத்தினார். அதற்கு ஜெர்மனியின் ஹாலேயிலிருந்தும் டென்மார்க்கிலிருந்தும் பணம் அனுப்பியவர்களில் எத்தனை பேர் தரங்கம்பாடியைக் கண்ணால் பார்த்தார்கள்? அவர்கள் பேர் போட்ட கல் எங்கே இருக்கிறது என்று நம் சபையில் யாருக்காவது தெரியுமா? அனுப்பினபிறகு கொஞ்சம் காரமாகிவிட்டதோ என்று பட்டது. இருக்கட்டும்.

12 செப்டம்பர், வெள்ளி

பதில் வந்தது. டிசம்பர் வரைக்கும் இரண்டு ஆசிரியர்களுக்கான தொகையை ஸ்தோத்திரக் காணிக்கையிலிருந்து அனுப்புகிறார்கள். மாவுக்குப் பெண்கள் ஐக்கியச் சங்கத்தார் பலகாரம் விற்றுச் சேர்க்கிறார்களாம், அதிரசத்துக்கு ஆர்டர் குவிகிறதாம். கல்வெட்டைப் பற்றி அடுத்த கமிட்டியில் பேசுவார்களாம்.